தெருவுக்கே கேட்ட ட்ரையர்

என் மாமனாருக்கு வலப்பக்கம் கையும் காலும் விழுந்தது ஆவணியில். ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டபோது அவர் எங்களோடு உத்திரமேரூரில் இருந்தார். அதுவரை சாலவாக்கம் பக்கத்தில் சொந்த ஊரில் தனியாகத்தான் இருந்தார். மாமியார் தவறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. தானே பொங்கி, தானே துவைத்து, ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டவர். சேற்றில் இறங்குகிற நாளில்கூட அவருடைய வேட்டியில் ஒரு பொட்டு மண் இருக்காது. கரையில் மடித்து வைத்துவிட்டுக் கோவணத்தோடு இறங்குவார். ஏறியதும் வாய்க்காலில் கைகால் கழுவிக்கொண்டு மறுபடி உடுத்திக்கொள்வார். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அவரைப் பற்றி முதலில் சொல்லப்பட்ட விஷயமே அதுதான்.

அந்த மனிதர் இப்போது எங்கள் வீட்டு முன்அறையில், தெருப்பக்கத்து ஜன்னலை ஒட்டிப் போட்ட கட்டிலில் கிடந்தார். காற்று வரட்டும், போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று நாங்கள்தான் அங்கே போட்டோம். பேச்சு குழறியது. பாதிச் சொற்கள் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். தெளிவாக வந்தது ஒரு சொல்தான்: "வாணாம்."

சிறுநீர் அவர் அறியாமலே போய்விடும். பழைய புடவைகளைக் கிழித்து மடித்து வைப்பேன், அதற்கு மேலே விரிப்பு. ஒரு நாளைக்கு மூன்று முறை, சில நாள் அதற்கு மேலும் மாற்ற வேண்டியிருக்கும். என் கணவருக்குப் பள்ளிக்கூட ஆபீசில் எழுத்தர் வேலை. காலையில் அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டுப் போனால் சாயங்காலம்தான் வருவார். இடையில் எல்லாம் நான். வேலை எனக்குப் பாரமாக இல்லை. துணி காயாததுதான் பாரமாக இருந்தது. மழை விட்டாலும் வெயில் வரவில்லை. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, குனிந்து குனிந்து நடந்தோம். ஈரம் போகாத விரிப்பைப் போட்டதில் அவர் முதுகில் சிவப்புச் சிவப்பாகத் தடித்துவிட்டது.

மெட்ராஸிலிருந்து அப்பாவைப் பார்க்க வந்த என் நாத்தனார், தலையில் ஈரத் துணி இடிக்க உள்ளே நுழைந்து சுற்றிப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் துபாயில் வேலையை முடித்துக்கொண்டு திரும்பியபோது கொண்டுவந்த ட்ரையர் ஒன்று அவள் வீட்டில் மூலையில் கிடந்தது. ஊருக்குப் போன அடுத்த வாரமே, இங்கிருந்து நெல் ஏற்றிப் போய்க் காலியாகத் திரும்பிய ஒரு லாரியில் அதை அனுப்பிவிட்டாள்.

ட்ரையர் என்றால் சூட்டில் காயவைக்கிற பெட்டி இல்லை. இடுப்பு உயரத்துக்கு ஒரு டிரம், மேலே மூடி. உள்ளே சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு கூடை. ஈரத் துணியை அதில் அமுக்கி, மூடியைப் போட்டு, சுவிட்சைத் திருப்பினால் கூடை சுழலும். தண்ணீரெல்லாம் தெறித்து அடியில் உள்ள குழாய் வழியாகக் கொட்டும். பிழிவது ஒன்றுதான் அதன் வேலை. ஆனால் அந்தப் பிழிவு எந்தக் கைக்கும் வராது. அதிலிருந்து எடுத்த விரிப்பை ஃபேனுக்கு அடியில் போட்டால் நான் சமையலை முடிப்பதற்குள் மொரமொரவென்று ஆகிவிடும். முதல் நாள் அதை முகத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. மாமாவின் முதுகும் மெல்ல ஆறத் தொடங்கியது.

ஒரு வாரம் நன்றாக ஓடியிருக்கும். பிறகு ஒருநாள் தடதடவென்று ஆரம்பித்தது. லாரியில் வந்த குலுக்கலோ, கிடப்பில் கிடந்ததோ தெரியவில்லை. நாளுக்கு நாள் சத்தம் ஏறி, கடைசியில் தகர டிரம்முக்குள் கருங்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. அது நின்ற இடத்தில் நிற்கவும் இல்லை. பின்கட்டுத் தரையில் தத்தித் தத்தி நகர்ந்து சுவரில் முட்டியது. நான் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பேன். பல்லெல்லாம் ஆடும்.

எங்களுடையது ஓட்டு வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனசுக்காரி. மாமாவுக்கு இட்லி கொண்டுவந்து கொடுப்பாள், நான் கடைக்குப் போனால் அவரைப் பார்த்துக்கொள்வாள். அவள் ஒரு காலையில் தெருவில் நின்று ஜன்னல் வழியாகவே கேட்டாள்.

"இன்னாம்மா, காலைலேர்ந்து மூணு தபா மிஷின் ஓடிக்கினு கீது. பெரியவருக்கு வயித்துக்கு எதனா ஒத்துக்கலியா?"

"அதெல்லாம் இல்லக்கா. துணி சேர்ந்து போச்சு" என்றேன்.

எதிர்வீட்டு வாசலில் யாரோ, "ரயிலு போவுதுன்னு நெனச்சேன்" என்றார்கள். சிரிப்பு கேட்டது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டேன். மாமா கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். அவராகவே குறைக்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. டம்ளரை உதட்டில் வைத்தால், "வாணாம்." கஞ்சி, "வாணாம்." காபி என்றால் உயிரை விடுவார், அதுவும், "வாணாம்." விழுங்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து ஸ்பூனில் புகட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார். உதடு வெடித்தது. விரிப்பு நனைவது குறைந்தது, நனைந்தாலும் மஞ்சளாகக் கறை பிடித்து நெடியடித்தது. ஒரு சாயங்காலம் உடம்பு அனலாகக் கொதித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரை என் கணவர் வீட்டுக்கே அழைத்துவந்தார். டாக்டர் மாமாவின் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின தோல் மடிந்தபடியே நின்றது.

"உடம்புல தண்ணியே இல்ல. மாத்திரை தரேன். ரெண்டு நாள் பார்க்கலாம். வாய்வழியா குடிக்கலன்னா பெரியாஸ்பத்திரில சேர்த்து டிரிப் ஏத்தணும்" என்றார்.

காஞ்சிபுரம் போகிற வழியில் செய்யாற்றுத் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பஸ் எல்லாம் சுற்றிக்கொண்டு போயின. இந்த உடம்பை எதில் ஏற்றி, எந்த வழியாகக் கொண்டுபோவது என்று என் கணவர் வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விடியற்காலையிலேயே கரண்ட் போய்விட்டது. எங்கேயோ மரம் விழுந்திருந்தது. சாயங்காலம் வரை வரவில்லை. துணியைக் கையால் பிழிந்து கயிற்றில் போட்டுவிட்டு, சும்மா ஒரு முறை பார்ப்போமே என்று டம்ளரைக் கொண்டுபோனேன். மாமா குடித்தார். பாதிக்கு மேல் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கஞ்சித் தெளிவு கொடுத்தேன். அதையும் குடித்தார். விழுங்குவதில் ஒரு சிரமமும் இல்லை. ஒருவேளை சரியாகிவிட்டாரோ என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் கரண்ட் வந்தது. சேர்ந்திருந்த துணியை ட்ரையரில் போட்டு ஓட்டினேன். அது கத்தி முடித்ததும் காபி கலந்து எடுத்துக்கொண்டு முன்அறைக்குப் போனேன்.

"வாணாம்" என்றார்.

மெஷின் ஓடாத பகலில் குடித்தவர், அது ஓடி முடித்ததும் வேண்டாம் என்கிறார். டம்ளரோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"மாமா, அந்த மிஷின் சத்தம் உங்களுக்குப் பேஜாரா கீதா?"

அவர் இடது கையைத் தூக்கிப் பின்கட்டுப் பக்கம் காட்டினார். பிறகு ஜன்னலைக் காட்டினார். "தெரு" என்றார். சொல் உடைந்து வந்தது. "தெருவுக்கே..." அதற்கு மேல் வரவில்லை. தோளில் கிடந்த துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அவர் படுக்கையை நனைத்த ஒவ்வொரு முறையும் அந்த மெஷின் தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதைச் சொல்லவிடாமல் செய்ய அவர் கையில் இருந்த வழி ஒன்றுதான். குடிக்காமல் இருப்பது.

என் கணவர் வந்ததும் சமையலறைக்குள் கூப்பிட்டுச் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"மிஷின நிறுத்திடலாம். நான் வந்து கையால புயிஞ்சி தரேன்" என்றார்.

"ஈரத் துணியப் போட்டா முதுகு மறுபடி புண்ணாயிடும். சத்தம்தான் போவணும்."

கடைத்தெருவில் பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுகிறவர் ஒருவர் இருந்தார். என் கணவர் அவரை அழைத்துவந்தார். வந்தவர் சத்தத்தைக் கேட்டார், சுற்றி வந்து பார்த்தார், மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"நான் பம்ப்செட்டு பார்ப்பேன். இத்த நான் பார்த்ததே இல்ல. கேக்கசொல்ல பேரிங் போன மாதிரி கீது. நான் கை வெச்சி, உள்ளதும் போச்சுன்னு ஆவக் கூடாது. மெட்ராஸ் எத்துக்கினு போங்க" என்று உள்ளதைச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் ஞாயிறு. தூறல் விழுந்துகொண்டிருந்தது. காலை நாஷ்டா ஆனதும் என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்க்ரூடிரைவரும் சைக்கிள் ஸ்பேனருமாகப் பின்கட்டில் உட்கார்ந்தார். அவருக்கு மெஷின் வேலை எதுவும் தெரியாது. ஃபியூஸ் போடுவார், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவார், அவ்வளவுதான். எனக்குப் பிறந்த வீட்டில் கிணற்று மோட்டாரோடு பழக்கம் உண்டு. ஓடுகிற சத்தத்தை வைத்துத் தண்ணீர் ஏறுகிறதா, காற்று வாங்குகிறதா என்று சொல்லுவோம். இருவர் அறிவையும் சேர்த்தாலும் அரை மெக்கானிக் தேறாது.

முதலில் தரைதான் சரியில்லை என்று அவர் சொன்னார். பின்கட்டுத் தரை கிணற்றுப் பக்கமாகக் கொஞ்சம் சரிவு. தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்து, காலுக்கு அடியில் ஓட்டுச் சில்லு கொடுத்துச் சமம் செய்தார். ஓட்டினோம். கத்தியது. துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துகொள்கிறதோ என்று நான் விரிப்பை எடுத்துச் சுற்றிலும் பரவலாக அடுக்கினேன். ஓட்டினோம். கத்தியது. துணியே இல்லாமல் வெறும் கூடையை ஓட்டினோம். அப்போதும் கத்தியது. ஆனால் துணி இல்லாததால் ஒன்று தெளிவாகக் கேட்டது.

"இன்னொரு தபா போடுங்க" என்றேன். போட்டார். "பாருங்க, கெளம்பசொல்ல கத்துது. நல்லா வேகம் புடிச்சப்புறம் அடங்குது. நிக்கப்போவசொல்ல மறுபடி கத்துது. பேரிங் போனா வேகம் ஏற ஏற சத்தமும் ஏறணும். எங்க வூட்டு மோட்டார் அப்படித்தான் கத்திச்சு."

அவர் மறுபடி இரண்டு முறை ஓட்டிக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினார். பிளக்கைப் பிடுங்கிச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, கையை உள்ளே விட்டுக் கூடையைச் சுற்றினார். வழுவழுவென்று சுற்றியது. கரகரப்பில்லை, ஒட்டலில்லை.

"பேரிங் நல்லாதான் கீது" என்றார். குரலில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. கூடையின் விளிம்பைப் பிடித்து அமுக்கினார். ஸ்பிரிங் மாதிரி கீழே போய் மேலே வந்தது. இன்னொரு பக்கம் அமுக்கினார், அதுவும் அப்படியே. கிணற்றுப் பக்கம் இருந்த விளிம்பை அமுக்கியதும் கூடை ஒரேயடியாகச் சாய்ந்து, வெளி டிரம்மில் போய் இடித்து ணங் என்றது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கேட்டுக் கேட்டுக் காது புளித்த சத்தம் அதுதான்.

சாக்கை விரித்து மெஷினைப் படுக்கப்போட்டோம். அடித்தட்டில் திருகாணிகள். ஒன்று துருப்பிடித்து அசையவே இல்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துக் காத்திருந்து கழற்றினார். தட்டை எடுத்ததும் உள்ளே மோட்டார் தெரிந்தது. அது மூன்று ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் அடியில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு ரப்பர். இரண்டு முழுசாக இருந்தன. மூன்றாவது நடுவில் வெடித்து, பாதி நசுங்கி வெளியே பிதுங்கிக் கிடந்தது. அந்தப் பக்கம் தாங்கல் இல்லாமல்தான் மோட்டாரும் கூடையும் சேர்ந்து ஆடியிருக்கின்றன.

"இந்த எயவு ரப்பருக்கா இத்தினி கத்து" என்றார் அவர். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அந்த வீட்டில் சிரித்து நாளாகியிருந்தது.

பஞ்சர் ஒட்ட வைத்திருந்த பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுருட்டி, அந்த இடத்தில் திணித்தார். நிமிர்த்தி வைத்து ஓட்டினோம். கிளம்பும்போது சத்தமே இல்லை. அவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். வேகம் பிடித்தது. அப்புறம் டியூப் பிய்த்துக்கொண்டு போயிற்று போலிருக்கிறது, படாரென்று ஒரு சத்தம். முன்பைவிட மோசமாக இடித்துக்கொண்டு மெஷின் என்மேல் சாய்ந்தது. நான் காலை எடுத்துக்கொள்ள, அவர் பிளக்கைப் பிடுங்கினார்.

முன்அறைக்கு ஓடிப் பார்த்தேன். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அன்று காலையிலிருந்து அவர் இரண்டு மிடறுதான் குடித்திருந்தார். டாக்டர் சொன்ன கெடு அன்றோடு முடிகிறது.

என் கணவர் வெடித்த ரப்பரையும் முழுசாக இருந்த ஒன்றையும் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு, சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். கடை ஞாயிறு திறக்காது. காயில் கட்டுகிறவர் வீட்டுக்கே போய் எழுப்பியிருக்கிறார். அவர் ரப்பரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதான் போச்சா? அப்போ பேரிங் இல்ல. நல்லதா போச்சு சார்" என்று தானே சந்தோஷப்பட்டு, கடையைத் திறந்து டப்பாக்களைக் கவிழ்த்துத் தேடினாராம். பம்ப்செட்டில் மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற கப்ளிங்கில் போடுகிற ரப்பர் புஷ் ஒன்று கிட்டத்தட்ட அதே அளவில் இருந்திருக்கிறது. உயரம்தான் கூடுதல். "ஒண்ணு மட்டும் மாத்தினா ஒரு பக்கம் தூக்கும். மூணையும் மாத்திடுங்க" என்று சொல்லி மூன்றைக் கொடுத்தனுப்பினார்.

நனைந்துபோய் வந்தவர் தலையைக்கூடத் துவட்டாமல் உட்கார்ந்தார். பழைய ரப்பரைப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்து, பிளேடால் உயரத்தைக் குறைத்தார். ரப்பர் கெட்டியாக இருந்தது, ஸ்பிரிங் இருக்கையில் இறங்கமாட்டேன் என்றது. நான் சோப்பைக் கரைத்துக்கொண்டு வந்தேன். சோப்புத் தண்ணீரில் தோய்த்து அழுத்தியதும் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. மூன்றையும் போட்டுத் தட்டை மூடி நிமிர்த்தினோம். அவர் கூடையை எல்லாப் பக்கமும் அமுக்கிப் பார்த்தார். எங்கே அமுக்கினாலும் ஒரே மாதிரி இறங்கி ஒரே மாதிரி ஏறியது.

"நீ போடு" என்றார்.

வெறும் கூடையாக ஓட்டினேன். ம்ம் என்று ஒரு முனகல். அவ்வளவுதான். நம்பாமல் நிறுத்திவிட்டு, ஊறிக்கொண்டிருந்த விரிப்பை அள்ளிப் போட்டு ஓட்டினேன். ஒரு நொடி உடம்பைக் குலுக்கிக்கொண்டது. பிறகு அதே முனகல். குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்டது. நான் கட்டிப்பிடிக்கவே தேவையில்லை. கையைச் சும்மா தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நின்றேன். அவர் ஈரத் தலையோடு கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்அறைக்குப் போனேன்.

"மாமா, மிஷின் ஓடிக்கினு கீது."

அவர் திரும்பிப் பார்த்தார். காதைக் கூர்மையாக்கிக் கேட்டார். தெருவில் ஒரு சைக்கிள் மணியும், ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீரும்தான் கேட்டன. நான் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "பொய்" என்றார்.

பின்னாலேயே வந்த என் கணவர், "வா நைனா, நீயே வந்து பாரு" என்று அவரைக் குழந்தை மாதிரி வாரி எடுத்தார். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினேன். பின்கட்டில் ட்ரையருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தோம். மாமா அதன் மூடிமேல் இடது கையை வைத்தார். அது உள்ளுக்குள் சுற்றுவது கைக்குத் தெரிந்திருக்கும். கையை எடுக்கவேயில்லை. துணி பிழிந்து முடிந்து, நான் சுவிட்சைத் திருப்பி, கூடை சுற்றல் குறைந்து, சத்தமில்லாமல் நிற்கிறவரை அப்படியே வைத்திருந்தார்.

பிறகு என்னைப் பார்த்து, "தண்ணி" என்றார்.

சொம்போடு கொடுத்தோம். நான் பிடித்துக்கொள்ள, குடித்துக்கொண்டே இருந்தார். தாடையில் வழிந்து மார்பெல்லாம் நனைந்தது. "மெள்ள மாமா, மெள்ள" என்றேன். என் கணவர் எங்களைப் பார்க்காமல் ஸ்பேனரையும் ஸ்க்ரூடிரைவரையும் வெகு அக்கறையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் தண்ணீர், கஞ்சி, காபி, மறுபடி காபி என்று அவர் வாங்கிக் குடித்ததில் விரிப்பு நான்கு முறை நனைந்தது. ஒவ்வொரு முறையும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கறை இல்லாமல், வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. மறுநாள் டாக்டர் வந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது. கைத்தோலைக் கிள்ளினார், உடனே படிந்தது. "டிரிப் வேணாம். இப்படியே குடுத்துக்கிட்டு வாங்க" என்றார். அவர் போனபிறகு நான் அடுப்படியில் உட்கார்ந்து, இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, மிஷின திருப்பி அனுப்பிட்டீங்களா? சத்தத்தையே காணோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து மாமா, "ஆமா" என்றார். நல்ல தெளிவாக வந்தது அந்தச் சொல். அக்கா, "பாவம், துணி காயாத இந்த மயக்காலத்துல" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனாள். மாமாவின் தோள் குலுங்கியது. முதலில் பயந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறார் என்று.

மழை கார்த்திகைக் கடைசிவரை பெய்தது. ட்ரையர் ஒரு நாளும் சண்டித்தனம் செய்யவில்லை. தை பிறந்து வெயில் வந்தபோது மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியிருந்தார். சிறுநீர் முட்டுவது இப்போது அவருக்குத் தெரிந்தது, அவசரம் வந்தால் கட்டில் சட்டத்தைத் தட்டிக் கூப்பிடவும் பழகிக்கொண்டார். நான் ஓடிப் போவேன். சில நாள் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன்.